எட்டாத நட்டு ஏன் கழல மறுக்கிறது?

பழைய கார்களைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில், பினாங்குத் தீவிலும் சரி, கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்திலும் சரி, ஒரு வாக்கியத்தைத் தவறாமல் கேட்கலாம்: "நட்டு பிடித்துக்கொண்டது, ஒரு நீளக் குழாயை மாட்டி இழுத்தால் வந்துவிடும்." இதைச் சொல்பவர் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான நட்டுகளைக் கழற்றியவராக இருப்பார், எனவே அவரை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் "பிடித்துக்கொண்டது" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. நட்டு உண்மையிலேயே இறுக்கமாக இருக்கலாம்; துருவால் ஒட்டிப்போயிருக்கலாம்; அல்லது நட்டில் ஒரு குறையும் இல்லாமல், நம் ஸ்பேனர் நேராகச் சென்று அதைப் பற்ற முடியாத மூலையில் அது இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும், இல்லையேல் கம்பி முறிந்து கையோடு வந்துவிடும்.

நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். மாமா விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் ஒன்றை, ஒரு காலத்தில் ஆசிரியர்களும் தோட்டத்துக் கிராணிமார்களும் ஓட்டிய அந்த உருண்டை முதுகுக் காரை, வார இறுதிகளில் பழுதுபார்த்து ஓட்டி வருகிறேன். இக்கட்டுரை முழுவதும் உதாரணமாக வரப்போவது, அந்தக் காரின் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஒரு நட்டுதான். மேனிஃபோல்ட் என்பது, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை இயந்திரத்துக்குள் கொண்டுசெல்லும் குழாய்களும், எரிந்த புகையை வெளியே எடுத்துச்செல்லும் குழாய்களும் சேர்ந்த தொகுதி. மைனரில் இவ்விரண்டும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குக் கீழே நெருங்கி அமர்ந்திருக்கின்றன. அங்கே, கண்ணுக்கும் தெரியாமல் கைக்கும் எட்டாமல் ஓரிரு நட்டுகள் உண்டு.

மலைச்சாலையைச் சுருட்டி வைத்ததே மரை

தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஏறியவர்களுக்கு, 513 படிகள் முழங்காலை என்ன செய்யும் என்பது தெரியும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலை அதைப்போலப் பல மடங்கு உயரம் ஏறுகிறது. ஆயினும் வளைந்து வளைந்து செல்வதால், சரக்கு ஏற்றிய லாரிகூட மூச்சு வாங்கியபடி மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறது. தூரத்தைக் கூடுதலாகக் கொடுத்துச் சிரமத்தைக் குறைத்துக்கொள்ளும் பண்டமாற்று அது. அப்படிப்பட்ட ஒரு மலைச்சாலையை ஓர் இரும்புக் கம்பியைச் சுற்றிச் சுருட்டி வைத்தால் கிடைப்பதே மரை. ('மரை கழன்றவன்' என்று நாம் யாரையாவது திட்டும்போது குறிப்பிடுவது இந்த மரையைத்தான்.) தலையுள்ள மரைக்கம்பி போல்ட், ஒரு முனை இயந்திரத்தின் உடலுக்குள் திருகி நிற்க, மறுமுனையில் நட்டை ஏற்றிக்கொள்ளும் தலையில்லாக் கம்பி ஸ்டட்.

நம் மேனிஃபோல்ட் ஸ்டட்டின் விட்டம் 5/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். அதன் மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 சுற்றுகள். எனவே நட்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் கம்பியின் மேல் நகர்வது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். நட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனரைப் பிடித்திருக்கும் நம் கையோ, அதே நேரத்தில் 94 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. கை போகும் தூரம், நட்டு போகும் தூரத்தைப்போல் கிட்டத்தட்ட 890 மடங்கு. உராய்வே இல்லாத உலகமாக இருந்தால், 10 கிலோ பொருளைத் தூக்கும் அளவு பலத்தால் அந்தக் குட்டி நட்டு ஏறக்குறைய 9 டன் விசையோடு அழுத்தும்.

ஸ்பேனரைப் பிடித்து நாம் செலுத்தும் இந்தச் சுழற்றும் விசைக்கு முறுக்குவிசை என்று பெயர். கதவை அதன் கீல் அருகே தள்ளினால் நகராது, கைப்பிடி அருகே தள்ளினால் ஒரு விரலுக்கே திறக்கும். அதைப்போலவே ஸ்பேனர் நீள நீள முறுக்குவிசை கூடும். நீளக் குழாய் ஆதரவாளர்களின் நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு விதியின் மீதுதான் நிற்கிறது. விதி சரியானதே, அவர்கள் கேட்க மறப்பது, அந்த முறுக்குவிசை போய்ச் சேருவது எங்கே என்ற கேள்வியை.

நம் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு எங்கே போகிறது?

நாசி லெமாக் பொட்டலத்தைக் கட்டியிருக்கும் ரப்பர் வளையத்தை எண்ணிப் பாருங்கள். வளையம் இழுபட்டு நிற்பதால்தான் பொட்டலம் பிரியாமல் இருக்கிறது. போல்ட்டும் அப்படித்தான். நட்டை இறுக்கும்போது இரும்புக் கம்பி கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. மீண்டும் பழைய நீளத்துக்குச் சுருங்க அது துடிக்கிறது. அந்தத் துடிப்பே இரு பாகங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. இதை இழுவிசை என்போம். இறுக்கம் என்று நாம் வழக்கில் சொல்வது உண்மையில் இந்த இழுவிசையைத்தான், ஸ்பேனர் நம் கைக்குக் கொடுக்கும் எதிர்ப்பை அல்ல.

இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே இந்த விஷயத்தின் நெஞ்சுப்பகுதி. பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் பாதியை நட்டின் அடிப்பக்கம் வாஷரோடு உராய்வது தின்றுவிடுகிறது. இன்னொரு 40 விழுக்காட்டை மரைக்குள் நடக்கும் உராய்வு தின்றுவிடுகிறது. மீதி 10 விழுக்காடே கம்பியை நீட்டப் பயன்படுகிறது. மேலே கணக்கிட்ட 9 டன், நடைமுறையில் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்பது இதனால்தான். அதுவும் சிறிதல்ல, மைனர் காரின் எடையே முக்கால் டன் சொச்சம்தான்.

கழற்றும்போது கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. சுருங்கத் துடிக்கும் கம்பி, நட்டைச் சரிவில் கீழே தள்ளப் பார்க்கிறது. ஆகவே துருவில்லாத நல்ல நட்டை, அதை இறுக்கிய விசையைவிடக் குறைவான விசையிலேயே கழற்ற முடிய வேண்டும். இறுக்கியதைவிடப் பல மடங்கு விசை கேட்கும் நட்டை "ரொம்ப இறுக்கி வைத்துவிட்டான்" என்று முன்பு வேலை பார்த்தவரின் தலையில் கட்டிப் பேசுவது வழக்கம். பெரும்பாலும் அவர் நிரபராதி. உராய்வு கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: மரை என்பது சுருட்டிய சரிவு, இறுக்கம் என்பது நீண்ட கம்பியின் இழுவிசை, நம் பலத்தின் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது, கழலாத நட்டில் நாம் மோதுவது இழுவிசையோடு அல்ல, உராய்வோடு.

துரு செய்யும் வேலை

இரும்பு துருவாக மாறும்போது, தான் முன்பு அடைத்திருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கிறது. திறந்த தகட்டில் அது மேலே பொருக்காக எழுந்து உதிர்ந்துவிடும். மரையின் இடுக்கில் எழும்ப இடமில்லை. எனவே அது ஆப்பு வைத்ததுபோல் நட்டையும் கம்பியையும் நெருக்குகிறது. கடற்காற்றும் ஆண்டு முழுவதும் குறையாத ஈரப்பதமும் உள்ள நம் தீவில், அதுவும் புகைக்குழாயின் சூட்டில் தினமும் காய்ந்து இரவில் வியர்க்கும் ஒரு ஸ்டட்டில், இந்த வேலை விரைவாகவே நடக்கிறது.

ஊடுருவும் எண்ணெய் என்று கடையில் விற்பது இந்த இடுக்குக்குள் புகுவதற்காகத்தான். விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே ஏற்றுகிறது? யாரும் அதைத் தள்ளுவதில்லை. நூல்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் திரவத்தைத் தாமே இழுத்துக்கொள்கின்றன. துருவின் நுண்துளைகளும் எண்ணெயை அப்படியே உறிஞ்சுகின்றன. திரி நனைய நேரம் எடுப்பதைப்போல இதற்கும் நேரம் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு முன் தெளித்துவிட்டு, "எண்ணெய் போட்டும் வரவில்லை" என்பவர்கள் எண்ணெயைப் பழிக்கக் கூடாது. முதல் நாள் மாலை ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை என்று நான் வைத்துக்கொள்கிறேன். நட்டின் அடிப்பக்க உராய்வே பாதிப் பங்கு என்று பார்த்தோம் அல்லவா? எனவே மரை நுனியில் மட்டுமல்லாமல் வாஷர் விளிம்பிலும் எண்ணெய் படவேண்டும். எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 அமெரிக்காவில் 1953இல் உருவானது. அந்தப் பெயரே நீரை விரட்டும் கலவைக்கான 40ஆவது முயற்சி என்பதன் சுருக்கம். அதைத் தெளிப்பதில் தவறில்லை என்றாலும், துருவுக்குள் இறங்குவதற்கென்றே செய்த எண்ணெய்கள் தனியாகக் கிடைக்கின்றன.

துருப்பிடித்த ஸ்டட்டை நீளக் குழாயால் திருகினால் நேர்வது என்ன? ஈரத்துணியைப் பிழிவதுபோலக் கம்பி பிழியப்படுகிறது. நட்டு நகரவில்லை; ஆனால் முறுக்குவிசை எங்கேயாவது போக வேண்டுமே, அது கம்பியை முறுக்குகிறது. இங்கே கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. முறுக்கைத் தாங்கும் வலிமை, கம்பியின் விட்டத்தோடு நேராகக் குறையாமல் அதன் மும்மடிப் பெருக்கத்தோடு குறைகிறது. துரு அரித்து ஸ்டட்டின் கழுத்து பத்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தால், வலிமையில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். கால் அங்குலக் கம்பி, 5/16 அங்குலக் கம்பி தாங்குவதில் பாதியைத்தான் தாங்கும். சிறிய நட்டு என்று அலட்சியமாகக் கைவைக்கும்போதுதான் பெரும்பாலும் முறிகிறது.

அளவு: ஒரு சின்னத் தொல்லை

பழைய பிரிட்டிஷ் கார்களில் அங்குல அளவு; வோக்ஸ்வாகன் பீட்டில், டட்சன், டொயோட்டா கார்களில் மில்லிமீட்டர். 5/16 மரைக்குரிய நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கையில் கிடைத்த 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் ஏறிவிடும், அங்கேதான் வினை. அந்த 0.3 மில்லிமீட்டர் தளர்வால் ஸ்பேனர் நட்டின் பக்கத்தை அழுத்தாமல் மூலையை மட்டும் தொட்டு வழிக்கிறது. வெளிப்படையான இடத்தில் இதை நாம் பார்த்துவிடுவோம்; எட்டாத இடத்தில் விரலுக்குக்கூடத் தெரியாது.

இன்னும் பழைய கார்களில் விட்வர்த் அளவு வரும். 1841இல் ஜோசப் விட்வர்த் வகுத்த அந்த முறையில், ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் விட்டத்தையே குறிக்கும். எண்ணை நம்பி எடுத்தால் ஏமாறுவோம். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பொறுமையாகத் தேடினால், அங்குல ஸ்பேனர்களும் விட்வர்த் ஸ்பேனர்களும் சில வெள்ளிக்குக் கிடைக்கக்கூடும். வாய் அகன்று தேய்ந்ததை மட்டும் வாங்க வேண்டாம்.

எட்டாத இடம் உண்மையில் எதைக் கெடுக்கிறது?

இப்போது நம் நட்டுக்கு வருவோம். பானெட்டைத் திறந்து, மட்கார்டின் மேல் ஒரு பழைய துண்டை விரித்து, வயிற்றை அதில் சாய்த்து, இடக்கையைக் கார்புரேட்டருக்குக் கீழே நுழைத்தால், நடுவிரல் நுனியில் அந்த நட்டின் ஒரு மூலை தட்டுப்படும். கண்ணுக்குத் தெரிவது எண்ணெய் படிந்த இருட்டு மட்டுமே. ஸ்பேனரை அதன்மேல் வைத்துவிடலாம். ஆனால் அதைச் சுற்ற இடமில்லை. ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் கார்புரேட்டரின் கம்பி. நடுவே கிடைக்கும் வீச்சு சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு உரிய இடைவெளிதான், அதாவது 30 பாகை.

வீச்சு என்ற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு மாறக் குறைந்தது எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதே அதன் வீச்சுத் தேவை. நட்டுக்கு ஆறு பக்கம். எனவே ஆறு மூலை கொண்ட வளைய ஸ்பேனருக்கு 60 பாகை வேண்டும். பன்னிரண்டு மூலை கொண்ட ரிங் ஸ்பேனருக்கு 30 பாகை போதும். திறந்த வாய் கொண்ட ஓப்பன் ஸ்பேனரின் தலை, கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 பாகை சாய்ந்திருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். தயாரிப்புக் கோணல் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். அது வேண்டுமென்றே செய்த உபாயம். ஒரு முறை திருப்பியதும் ஸ்பேனரைக் குப்புறப் புரட்டி மாட்டினால், அந்தச் சாய்வு மறுபக்கமாகி, 30 பாகை வீச்சிலேயே அடுத்த பிடி கிடைத்துவிடும். ஒரு முழுச் சுற்றுக்கு 12 புரட்டல்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் நடக்கும். ஒரு பக்கம் மட்டும் பற்றி மறுபக்கம் வழுக்கி வரும் ராட்செட்டில் 72 பற்கள் இருந்தால், 5 பாகை வீச்சே போதும். ஆயினும் அதன் தலை தடிமனானது, அந்த இடுக்கில் நுழையாது. வீச்சும் தடிமனும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டியவை. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே கருவி கிடையாது என்பதற்குக் காரணம் இதுவே.

அடுத்தது, பலர் காரணம் தெரியாமலே அனுபவிக்கும் கேடு. காரின் ஸ்டீயரிங்கை இரு கையாலும் எதிரெதிராகத் திருப்பினால் அது சுழல மட்டுமே செய்கிறது. ஒரே கையால் இழுத்தால் சுழல்வதோடு ஒரு பக்கமாகவும் இழுபடுகிறது. அச்சு அதைத் தாங்கிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. ஸ்பேனரை நாம் எப்போதும் ஒரு கையால்தான் இழுக்கிறோம். ஸ்பேனர் நட்டின் மட்டத்திலேயே இருந்தால் இந்தப் பக்க இழுப்பால் பெரிய தீங்கில்லை. ஆனால் எட்டாத நட்டுக்காக, நட்டின் மேல் குப்பிபோலக் கவிழும் சாக்கெட்டின் மேல் 25 சென்டிமீட்டர் நீள எக்ஸ்டென்ஷன் கம்பியை மாட்டி, அதன் உச்சியில் ராட்செட்டை வைத்து இழுக்கும்போது, அதே பக்க இழுப்பு நட்டிலிருந்து கால் மீட்டர் உயரத்தில் செயல்படுகிறது. நட்ட கம்பத்தின் உச்சியைப் பிடித்து ஆட்டுவதுபோல, அது சாக்கெட்டைச் சாய்க்கிறது. சாய்ந்த சாக்கெட் நட்டின் மூலையை மட்டும் கடிக்கிறது. ஸ்டட் முறுக்கோடு வளைவையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாகிறது. மருந்து மிக எளிது: மறுகையை ராட்செட்டின் தலைமீது வைத்து, அது அசையாதபடி எதிர்ப்பக்கம் தாங்கிக்கொள்வது. இந்த ஒரு பழக்கம் காப்பாற்றும் நட்டுகள் ஏராளம்.

எக்ஸ்டென்ஷன் கம்பியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் பரவலாக உண்டு: கம்பி நீண்டால் முறுக்குவிசை பாதி வழியில் தேய்ந்துவிடும் என்பார்கள். நேரான கம்பியை நிதானமாகத் திருப்பும்போது எதுவும் தேய்வதில்லை. கம்பி சிறிது முறுக்கிக்கொள்வதால் கைக்கு மெத்தென்று இருக்கும். மேலே கொடுத்தது முழுவதும் கீழே போய்ச் சேரும். விட்டு விட்டுத் தட்டும் இம்பாக்ட் துப்பாக்கியை மாட்டினால்தான், அந்தத் தட்டல்களை நீண்ட கம்பி ஸ்பிரிங்கைப்போல் விழுங்கிவிடுகிறது.

கம்பி நேராகப் போக முடியாத இடத்தில் யூனிவர்சல் ஜாயிண்ட் வருகிறது. இரு திசையிலும் மடங்கும் இந்த மூட்டு, சுழற்சியை ஒரு வளைவைத் தாண்டிக் கொண்டுசெல்கிறது. 15 அல்லது 20 பாகை வரை அது நல்ல நண்பன். மடிப்பு கூடக்கூட, ஒரே சுற்றுக்குள்ளேயே முறுக்குவிசை ஏறி இறங்குகிறது. நாம் கொடுப்பது பத்துப் பங்கு என்றால், 45 பாகையில் மறுமுனையில் கிடைப்பது ஏழு பங்குக்கும் பதினான்கு பங்குக்கும் இடையே ஊசலாடும். அதோடு மூட்டு பக்கவாட்டில் ஒடிந்து விலகப் பார்க்கும்.

என் மைனரின் கடைக்கோடி ஸ்டட்டை நான் முறித்தது இப்படித்தான். மூட்டு நன்றாகவே மடங்கியிருந்தது. ராட்செட்டில் ஒரு குழாயை மாட்டியிருந்தேன். மறுகை தாங்கலுக்கு வராமல் டார்ச்சு விளக்கைப் பிடித்திருந்தது. முதலில் ஒரு மெல்லிய "கிறீச்"; கழல்கிறது என்று மகிழ்ந்தேன். அடுத்து, பிடி திடீரென்று வெண்ணெயாக மிருதுவாகியது. கழலும் நட்டு விட்டு விட்டு, முனகிக்கொண்டே வரும். முறியப்போகும் கம்பியோ எதிர்ப்பே இல்லாமல் வழுவழுவென்று திரும்பும். அந்த வேறுபாட்டைக் கை அறிந்திருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பேன். மிச்சக் கம்பியைத் துளையிட்டு எடுத்துத் தந்த போர்மேன் அண்ணன் திட்டவில்லை; "தம்பி, நட்டை அப்புறம் கழற்றலாம்; முதலில் அதுக்கு முன்னால நிக்கிறதைக் கழற்று" என்று மட்டும் சொன்னார்.

சுருக்கமாக: எட்டாத இடம் நட்டை இறுக்கமாக்குவதில்லை. அது நம் வீச்சைக் குறைக்கிறது, சுழற்சியோடு பக்க இழுப்பைக் கலக்கிறது, நாம் பார்ப்பதையும் உணர்வதையும் மறைக்கிறது. கூடுதல் பலம் இம்மூன்றில் ஒன்றையும் சரிசெய்யாது.

எந்தப் பக்கம் திருப்புவது?

சிரிப்பதற்குரிய கேள்வி அல்ல. நட்டின் முகத்தை நேரே பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நட்டின் முதுகுப் பக்கத்திலிருந்து கைவிடும்போதும், காருக்கடியில் மல்லாந்து படுத்திருக்கும்போதும் திசை குழம்பிவிடுகிறது. சின்னக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தால் பிம்பத்தில் சுழற்சியே தலைகீழாகத் தெரியும். ஒரு மணி நேரம் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அதற்கு ஓர் எளிய வழி: வலக்கையின் கட்டைவிரலை, நட்டு வெளியேற வேண்டிய திசையில் நீட்டுங்கள், மற்ற நான்கு விரல்கள் மடங்கும் திசையே திருப்ப வேண்டிய திசை. எங்கே நின்றாலும், எப்படிப் படுத்திருந்தாலும் இது மாறாது.

வழியைத் திறப்பது

போர்மேன் அண்ணன் சொன்னதற்கு வருவோம். மைனரில் காற்று வடிகட்டியையும் கார்புரேட்டரையும் கழற்ற, நிதானமாகச் செய்தாலும் அரை மணி நேரம் போதும். அவை நீங்கியதும், எட்டாதிருந்த நட்டு சாதாரண நட்டாகிவிடுகிறது. இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய் நான் இழந்தது இரண்டு வாரம். பீட்டிலில் இயந்திரத்தை உடலோடு பிணைக்கும் நான்கு பிணைப்புகளில் மேலிரண்டு, விசிறிக் கூட்டுக்குப் பின்னால் கைவிட்டுத் தடவித் தேட வேண்டிய 17 மில்லிமீட்டர்ச் சங்கதிகள். அங்கே அகற்றக்கூடியது அதிகமில்லை, ஆகவே குட்டை ஸ்பேனரும் மெலிந்த முன்னங்கையும்தான் கதி. பிறை வடிவில் வளைந்த ஸ்பேனர், நடுத் தடையைச் சுற்றிக்கொண்டு போவதற்கென்றே செய்யப்படுகிறது. அது கிடைக்காதபோது மலிவான ஸ்பேனர் ஒன்றைச் சூடாக்கி வளைத்தோ, தலையை அரைத்து மெலிதாக்கியோ பயன்படுத்துவது பட்டறைகளில் சாதாரணம். கருவியை அழிக்கிறோமே என்று தயங்க வேண்டாம். அந்த நட்டுக்கு அதுவே கருவி.

தொடங்கும் முன் பேட்டரியைப் பிரித்துவிட வேண்டும். இருட்டில் துழாவும் ஸ்பேனர், மின் இணைப்புக்கும் காரின் உடலுக்கும் பாலமாகிவிட்டால் கணத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். உடலோடு இணைந்த முனையை முதலில் கழற்றுவது முறை. இன்றைய கார்களில் அது எதிர்முனை, மைனரிலோ நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும்.

பிறகு, எண்ணெய் ஊறிய நட்டைக் கழற்றும் திசையில் உடனே இழுக்காமல், இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு அசைத்துப் பாருங்கள். துருவின் பிணைப்பு எந்தத் திசையில் உடைந்தாலும் உடைந்ததுதான். அசைந்ததும் கால் சுற்று கழற்றி, சிறிது திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் கழற்றுவது நல்லது. உடைந்த துருத் துகள் மரைக்குள் சிக்கி ஆப்பாகாமல் வெளியேற இது இடம் கொடுக்கும்.

சூடு: டம்ளர் சொல்லும் பாடம்

ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொன்று இறுகிக்கொண்டால், வெளியே வெந்நீரும் உள்ளே குளிர்நீரும் ஊற்றி நம் வீடுகளில் பிரித்தெடுப்பார்கள். நட்டைச் சூடாக்குவதும் அதே கணக்கு. நட்டு மட்டும் ஸ்டட்டைவிட 200 பாகை செல்சியஸ் சூடேறினால், 8 மில்லிமீட்டர் துளை விரிவது ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆயினும் துரு என்பது மண்பாண்டம்போல வளையத் தெரியாத பொருள். அந்தச் சிறு அசைவிலேயே விரிசல் விடும். இரும்பு ஸ்டட் அலுமினிய உடலுக்குள் இறுகியிருந்தால் சூடு இன்னும் நன்றாக உதவும், ஏனெனில் அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரிகிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்கினால் பயனில்லை. நட்டு சூடாகவும் கம்பி ஒப்பளவில் குளிர்ந்தும் இருக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் அகற்றப்படாத இயந்திரத்தில் நெருப்பைக் கொண்டுவருவது தற்கொலைக்கு ஒப்பானது. எண்ணெய் தெளித்த நட்டும் தீப்பற்றும். பீட்டில் இயந்திரத்தின் உடல் மக்னீசியக் கலவை. எரியத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாத உலோகம் அது. அங்கே தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர், இந்தக் கட்டம் வந்தால் பட்டறைக்குக் கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரும்ப மாட்டும்போது

கழற்றியதை மாட்டும்போது, அடுத்த முறை கழற்றப்போகும் கையை நினைத்துக்கொள்வேன். அது பெரும்பாலும் என் கைதான். மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்து, சூட்டைத் தாங்கும் பிடிப்பெதிர்ப்புப் பசையை மெல்லத் தடவி, மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டுகளைப் போட்டேன். பித்தளை துருவேறாது, முரண்டு பிடித்தாலும் முதலில் விட்டுக்கொடுப்பது மிருதுவான நட்டாக இருக்கும், ஸ்டட் தப்பும். பசை தடவிய மரையில் உராய்வு குறைவு என்பதால், வழக்கமான முறுக்குவிசைக்கே கம்பி கூடுதலாக இழுபடும். ஆகவே இறுக்கும் அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டேன்.

எட்டாத அந்த நட்டை முதலில் விரலால்தான் ஏற்ற வேண்டும்; ஸ்பேனரால் தொடங்கினால் மரை கோணலாகப் பிடித்துக்கொள்ளும். விரல் நுனியில் நட்டை நிறுத்த, காகித ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே தெரியும்படி நகத்தின் கீழ் சுற்றிக்கொண்டேன். முதலில் இடஞ்சுழியாக மெல்லத் திருப்பி, மரைகளின் தொடக்கம் ஒன்றன்மேல் ஒன்று வந்து "டிக்" என்று விழுவதை விரலில் உணர்ந்தபின் வலஞ்சுழியாகத் திருப்பினேன். மூன்று முறை நட்டு கீழே விழுந்து, ஒவ்வொரு முறையும் காருக்கடியில் போட்டிருந்த அட்டையில் தட்டி உருண்டது. நான்காம் முறை பிடித்துக்கொண்டது. இரண்டு சுற்று விரலாலேயே ஏற்றிவிட்டு, ஸ்பேனருக்குக் கை நீட்டினேன்.